யுத்த தாங்கியும் கண்டிக் கடவத்தையும்

சென்ற பள்ளி விடுமுறையில் தங்கையின் மகனைக் கொழும்பு தேசிய நூதனசாலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சாதாரண தரப் பரீட்சைக்கு இருக்கிற பையன். ஆனால் பாடப்புத்தகத்தை விட யுத்த தாங்கிகளைப் பற்றித்தான் அவனுக்கு அதிகம் தெரியும். கட்டுகஸ்தோட்டையில் பஸ் ஏறியதிலிருந்து அதே பேச்சு.

“மாமா, டி-90ட குழல் 125 மில்லிமீற்றர். அப்ராம்ஸுக்கு 120தான் ஈக்குது. அப்ப எது பெருசு?”

நூதனசாலையில் நாங்கள் பார்க்கப் போனது கண்டிப் பீரங்கி. 1765இல் ஒல்லாந்தர் கண்டியைச் சூறையாடியபோது கொண்டுபோனது. ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் மியூசியத்தில் நெடுங்காலம் இருந்துவிட்டு, இரண்டு துவக்குகள், வாள்கள், ஒரு கத்தி ஆகியவற்றோடு 2023 டிசம்பரில் நாட்டுக்குத் திரும்பிவந்தது. வெண்கலக் குழல், பொன்னும் வெள்ளியும் இரத்தினக் கல்லும் பதித்த வேலைப்பாடு, சூரியன், சந்திரன், சிங்கம் என்று அரச சின்னங்கள். 1745 அளவில் லெவ்கே திசாவை மன்னருக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது. குழலின் நீளம் ஏறக்குறைய ஒரு மீற்றர்.

பையன் சுற்றிச்சுற்றிப் பார்த்தான். முகம் வாடிப்போயிற்று.

“இத்தனை சின்னதா? இத வெச்சிக்கிட்டா நம்மட கண்டி இருநூறு வருசம் தாக்குப் புடிச்ச?”

அது அலங்காரப் பீரங்கி, சண்டைக்கு இழுத்துப் போனதல்ல என்று சொல்லிச் சமாளித்தேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. சண்டைக்குப் போன பீரங்கிகளும் கண்டியில் பெரிதாக இருக்கவில்லை. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் மூவரிடமும் அதைவிடப் பெரிய குழல்கள் இருந்தன. மூவருமே கண்டிக்குள் நுழைந்தார்கள். மூவருமே அழிந்தோ நோயில் நொந்தோ திரும்பினார்கள். 1815இல் கண்டி விழுந்தது பீரங்கிச் சண்டையில் அல்ல. அப்படியானால் பையனும் நாமும் எதை அளக்க மறந்துவிடுகிறோம்? அவனுக்குப் பிடித்த தாங்கியிலிருந்தே தொடங்கினால் பதில் தெளிவாகும் என்று நினைக்கிறேன்.

குழலின் கணக்கு

தாங்கியின் பீரங்கியை ஒப்பிடும்போது முதலில் கண்ணில் படுவது வாய் விட்டம். இலங்கை இராணுவத்திடம் உள்ள பழைய டி-55க்கு 100 மில்லிமீற்றர். அமெரிக்காவின் அப்ராம்ஸ், ஜெர்மனியின் லெப்பர்ட்-2 ஆகியவற்றுக்கு 120. ரஷ்யாவின் டி-72, டி-90 இரண்டுக்கும் 125. சென்னை ஆவடியில் உருவான அர்ஜுனுக்கு 120.

விட்டத்துக்கு அடுத்தது குழலின் உட்புறம். டி-55, அர்ஜுன், பிரித்தானியாவின் சலெஞ்சர்-2 ஆகியவற்றின் குழலுக்குள் சுருள் சுருளாக வரிப்பள்ளம் இருக்கும். அது குண்டைச் சுழலவிடும். சுழல்கிற பம்பரம் விழாமல் நிற்பது போல, சுழல்கிற குண்டு நேர்கோட்டில் போகும். மற்றவற்றின் குழல் வழவழப்பானது. ஏன் அப்படி? இன்றைக்குக் கவசத்தைத் துளைப்பது வெடிக்கிற குண்டை விட, அம்பு போன்ற நீண்ட உலோக ஊசிதான். கடினமான உலோகத்தில் செய்த அந்த ஊசி நொடிக்கு ஒன்றரைக் கிலோமீற்றருக்கு மேல் வேகத்தில் போய், தன் வேகத்தாலேயே உருக்கைக் குடைந்துவிடும். மெல்லிய நீண்ட ஊசியைச் சுழற்சி மட்டும் நேராக வைத்திருக்காது. அதற்கு அம்புக்கு இருப்பது போல வாலில் இறகு வேண்டும். இறகு இருந்தால் சுழற்சி தேவையில்லை, வரிப்பள்ளமும் தேவையில்லை. வரிக்குழல் வைத்திருக்கும் அர்ஜுனில், ஊசி குழலோடு சேர்ந்து சுழலாதபடி நழுவும் வளையம் ஒன்றைப் போட்டிருக்கிறார்கள்.

மூன்றாவது, குண்டு எங்கே இருக்கிறது, யார் போடுகிறார்கள் என்பது. டி-72இலும் டி-90இலும் இயந்திரமே குண்டைப் போடும். மூன்று பேர் போதும். குண்டும் மருந்தும் கோபுரத்துக்குக் கீழே ஒரு வட்டத் தட்டில் அடுக்கப்பட்டிருக்கும். அந்தத் தட்டுக்குள் அடங்குகிற அளவுக்குத்தான் ஊசியின் நீளம் இருக்க முடியும். அப்ராம்ஸில் நாலாவது ஆள் கையால் போடுகிறார். குண்டுகள் கோபுரத்தின் பின்பக்கம், உருக்குக் கதவுக்கு அப்பால் இருக்கின்றன. ஆகவே ஐந்து மில்லிமீற்றர் கூடினால் ஐந்து மில்லிமீற்றர் பலம் கூடிற்று என்று சொல்ல முடியாது. ஊசியின் நீளம், அதன் உலோகம், வேகம், குறிபார்க்கும் கருவி, சுடுகிறவரின் பயிற்சி எல்லாம் சேர்ந்த கணக்கு அது.

வெங்காயத் தோல்

பாதுகாப்பு என்றால் தடித்த உருக்குத் தகடு என்று நினைத்துவிடுகிறோம். தாங்கி வடிவமைப்பவர்கள் அதை வெங்காயத்துக்கு ஒப்பிடுவார்கள். ஒன்றுக்குள் ஒன்றாகத் தோல்கள். முதல் தோல், எதிரியின் கண்ணில் படாதிருப்பது. இரண்டாவது, பட்டாலும் அடி விழாதிருப்பது. மூன்றாவது, அடி விழுந்தாலும் துளைக்காதிருப்பது. நாலாவது, துளைத்தாலும் உள்ளே இருக்கிறவர்கள் சாகாதிருப்பது.

முதல் தோலுக்கு உருமறைப்பு, புகைக்குண்டு, தாழ்ந்த உயரம். ரஷ்யத் தாங்கிகள் குட்டையாக இருப்பதன் பயன் இதுதான். இரண்டாவது தோலுக்கு இப்போது ராடார் வந்திருக்கிறது. இஸ்ரேலின் ட்ரோஃபி போன்ற அமைப்பு, பாய்ந்துவரும் ரொக்கட்டைக் கண்டதும் அதை வழியிலேயே சிதறடிக்கப் பார்க்கும். மூன்றாவது தோல் கவசம். வெறும் உருக்கு அல்ல. உருக்கு, பீங்கான் போன்ற பல பொருட்களைப் பல அடுக்காக வைத்துச் செய்வது. இந்தியாவில் உருவான அத்தகைய கவசத்துக்குக் காஞ்சன் என்று பெயர். அதன் மேல் வெடிமருந்துப் பெட்டிகளைப் பதித்தும் விடுவார்கள். வருகிற குண்டு பெட்டியில் பட்டதும் பெட்டி வெளிப்பக்கமாக வெடித்து, குண்டின் பலத்தைக் குலைத்துவிடும். டி-90இன் முகப்பில் செங்கல் அடுக்கியது போலத் தெரிவது அதுதான்.

நாலாவது தோலில்தான் பெரிய வேறுபாடு. அப்ராம்ஸின் குண்டறைக்கு மேலே பலவீனமான மூடிகள் வேண்டுமென்றே வைக்கப்பட்டிருக்கின்றன. குண்டு தீப்பிடித்தால் மூடி பறந்து, தீ மேல்நோக்கிப் போய்விடும், ஆட்கள் தப்பலாம். டி-72 வகையில் குண்டுகளுக்கு மேலேயேதான் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். 2022இல் தொடங்கிய உக்ரேன் யுத்தத்தில் கோபுரம் கழன்று தூரப் போய்க் கிடந்த தாங்கிகளின் படங்களை நம்மில் பலர் பார்த்திருப்போம். காரணம் இதுதான். அதே யுத்தத்தில் லெப்பர்ட்டும் அப்ராம்ஸும் கூட மலிவான ட்ரோன்களால் அடிபட்டன. முகப்பில் அத்தனை கவசம் வைத்தவர்கள் தலைக்கு மேலே அவ்வளவு வைக்கவில்லை.

இந்த நாலு தோலுக்கும் வெளியே இன்னொன்று இருக்கிறது. 2022 பெப்ரவரியில் கீவ் நகரை நோக்கிப் புறப்பட்ட ரஷ்ய வாகனங்கள் பல பத்துக் கிலோமீற்றர் நீளத்துக்கு வீதியில் வரிசையாக நின்றுபோயின. எரிபொருளும் சாப்பாடும் வந்து சேராதது அதற்கு ஒரு முக்கிய காரணம். எண்ணெய் இல்லாத தாங்கி இரும்புக் கூண்டு. எடையும் அப்படித்தான். அர்ஜுனின் புதிய வகை 68 தொன், டி-90 ஏறக்குறைய 46 தொன். 46 தொன்னைத் தாங்குகிற பாலமெல்லாம் 68 தொன்னைத் தாங்கிவிடாது.

ஆகக் கேட்க வேண்டிய கேள்விகள் நாலு: எவ்வளவு அடிக்கும்? எத்தனை தோல் தாண்டினால் அதை அழிக்கலாம்? எந்த வழியில் போகும்? யார் அதற்குத் தீனி போடுகிறார்கள்? இந்த நாலு கேள்வியையும் இப்போது நம் கண்டியிடம் கேட்டுப் பார்ப்போம்.

கண்டியின் துவக்கு

நாம் ‘துவக்கு’ என்கிறோம், சிங்களவர் ‘துவக்குவ’ என்கிறார்கள். இரண்டுக்கும் மூலம் துருக்கியின் ‘துஃபெக்’. பாரசீகம், இந்தியா வழியாக வந்த சொல். ‘பீரங்கி’யோ ‘பரங்கி’ என்ற சொல்லோடு உறவுடையது. இந்தச் சமுத்திரத்தில் ஆயுதம் எந்த எந்தக் கைகள் வழியாக நடந்தது என்பதற்கு இந்த இரண்டு சொல்லே சாட்சி. 16ஆம் நூற்றாண்டில் சீதாவாக்கை மாயாதுன்னைக்குத் துணையாகக் கள்ளிக்கோட்டைச் சாமூதிரியின் கப்பல்களில் வந்த மாப்பிள்ளை வீரர்களையும் இங்கே நினைக்க வேண்டும். 1538இல் வேதாளையில் போர்த்துக்கேயர் அவர்களது கடற்படையை முறியடித்தார்கள்.

போர்த்துக்கேயர் வந்தபோது அவர்களது வெடிச்சத்தம் இடியை விடப் பெரிதாக இருந்தது என்று இராஜாவலிய என்ற சிங்கள வரலாற்று நூல் வியந்து சொல்கிறது. அந்த வியப்பு நெடுநாள் நிற்கவில்லை. ஒரு நூற்றாண்டுக்குள் சிங்களக் கம்மாளர் தாங்களே துவக்குச் செய்யத் தொடங்கிவிட்டார்கள். அவர்களது வேலைத்திறனைப் போர்த்துக்கேயரே புகழ்ந்து எழுதும் அளவுக்கு. கண்டித் துவக்கை இலகுவாக அடையாளம் காணலாம். தீக்கல் பூட்டு வலப்பக்கம் இராமல் இடப்பக்கம் இருக்கும். மரப்பிடியில் சுருள் சுருளாகச் செதுக்கு வேலை. உள்ளூர் இரும்பை உருக்கி, உள்ளூர் உலையில் அடித்தது.

பெரிய பீரங்கிக்குப் பதிலாக ‘கொடிதுவக்குவ’ என்ற சிறு பீரங்கியை வைத்திருந்தார்கள். மூன்று கால் மரத்தாங்கியில் நிற்கும். சக்கரமில்லை; ஆட்கள் தூக்கிக்கொண்டு மலையேறி, ஒரு பாறைக்குப் பின்னால் வைத்துச் சுட்டுவிட்டு மறுபடி தூக்கிக்கொண்டு மறைந்துவிடலாம். ஆங்கிலேயர் இதைப் பார்த்து ‘வெட்டுக்கிளி’ என்று பட்டம் வைத்தார்கள். குண்டு சிறிது, எட்டும் தூரமும் குறைவு. ஆனால் இரண்டு பேர் பக்கத்துப் பக்கமாக நடக்க முடியாத ஒற்றையடிப் பாதையில், நாற்பது அடி மேலேயிருந்து சுடுகிறவனுக்குத் தூரம் எதற்கு? பெரிய சக்கரப் பீரங்கியை இழுத்து வருகிறவனுக்கோ அந்தப் பாதையே எதிரி.

வெடிமருந்தும் இங்கேதான் உண்டானது. மருந்தில் முக்கால் பங்கு வெடியுப்பு. மிச்சம் கரியும் கந்தகமும். வெளவால் அடைந்த குகைகளின் மண்ணையும் பாறையையும் இடித்து, மரச்சாம்பலோடு சேர்த்துத் தண்ணீரில் கரைத்து, வடித்துக் காய்ச்சினால் வெடியுப்புப் படியும். தும்பறை மலையில் மீமுரைப் பக்கத்துக் குகை அதற்குப் பேர்போனது. 1821இல் தன் நூலை வெளியிட்ட ஆங்கில வைத்தியர் ஜோன் டேவி இந்த வேலையை விரிவாக எழுதியிருக்கிறார். கரிக்குக் காடு இருந்தது. கந்தகம்தான் இந்த மண்ணில் கிடைக்காது. அது கரையிலிருந்து வர வேண்டும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கண்டியின் தோல்கள்

கண்டிக்குக் கோட்டை மதில் பெரிதாக இல்லை. அதற்கு வெங்காயத் தோல் இருந்தது.

முதல் தோல் காடும் மலையும். சிங்களத்தில் வனதுர்க்க, கிரிதுர்க்க என்பார்கள். பாதைகளை அகலமாக்கக் கூடாது என்பது அரச கட்டளை. பலனையும் கடுகண்ணாவையும் கலகெதரையும் இயற்கை வைத்த வாசல்கள். இன்று கொழும்பு பஸ்ஸில் கடுகண்ணாவை வளைவில் திரும்பும்போது, வீதி இல்லாமல் அந்த இடத்தை நினைத்துப் பாருங்கள்.

இரண்டாவது தோல் கடவத்தை. பாதையின் குறுக்கே முள்வாசல் வைத்து, தூக்கி இறக்கும்படி கட்டியிருப்பார்கள், காவலாளி நிற்பான். 1660இல் பிடிபட்டுப் பத்தொன்பது வருடம் கண்டி நாட்டில் கைதியாக இருந்த ரொபர்ட் நொக்ஸ் இதை நேரில் பார்த்து எழுதினார். வாசலைக் கடப்பதற்குக் களிமண்ணில் முத்திரை குத்திய அடையாளம் வேண்டும். படைவீரனுக்கு ஈட்டி தாங்கிய மனித உருவம். கூலிக்காரனுக்குக் காவடியின் இரு பக்கமும் மூட்டை தொங்கும் உருவம். வெள்ளைக்காரனுக்குத் தொப்பியும் வாளும் உள்ள உருவம். எழுத்து வாசிக்கத் தெரியாத காவலாளிக்கும் யார் வருகிறார், ஏன் வருகிறார் என்று தெரிந்துவிடும். ராடாரின் வேலையும் அதுதானே: வருவது யார் என்று முன்கூட்டியே அறிவது.

மூன்றாவது தோல்தான் விசித்திரம். எதிரி இவ்வளவையும் தாண்டி வந்தால், தலைநகரையே வெறுமையாக விட்டுவிடுவார்கள். மன்னர், குடும்பம், தந்த தாது, திறைசேரி எல்லாம் ஹங்குரங்கெத்தைப் பக்கம் போய்விடும். எதிரி வந்து பிடிப்பது ஆளில்லாத வீடுகளை. நாலாவது தோல் காலம்: மழை, காய்ச்சல், பசி. எதிரி திரும்பும்போது பாதையெங்கும் மரம் வெட்டிப் போட்டுத் தடுத்து, இரு பக்கமும் இருந்து சுடுவது.

1638 மார்ச்சில் தியோகோ த மெலோ தலைமையில் போர்த்துக்கேயர் வந்தார்கள். நகரம் வெறுமை. எரித்துவிட்டுத் திரும்பினார்கள். மார்ச் 28ஆம் திகதி, பேராதனைக்கு எதிர்க்கரையில் உள்ள கன்னொறுவையில் இரண்டாம் இராஜசிங்கரின் படை வளைத்துக்கொண்டது. மிகச் சிலரே உயிரோடு மிஞ்சினார்கள். 1765இல் ஒல்லாந்தத் தேசாதிபதி வான் எக் வந்தார். நகரைப் பிடித்தார், சூறையாடினார். நாங்கள் பார்த்த பீரங்கி போனது அப்போதுதான். ஆனால் விட்டுச் சென்ற படையை நோயும் பசியும் தின்றன. அவ்வருடம் ஓகஸ்டில் கண்டியை விட்டு வெளியேறினார்கள்.

1803இல் ஆங்கிலேயர் கொழும்பிலிருந்தும் திருகோணமலையிலிருந்தும் இரு படையாக வந்து பெப்ரவரியில் நுழைந்தார்கள். மறுபடியும் வெறும் நகரம். ஜூனுக்குள் காய்ச்சல் பாதிப் படையைப் படுக்கவைத்தது. ஜூன் 24ஆம் திகதி கண்டிப்படை தாக்க, மேஜர் டேவி சரணடைந்து திருகோணமலைக்குப் புறப்பட்டார். வட்டப்புளுவையில் மகாவலி பெருக்கெடுத்து ஓடியது, கடக்க ஓடமில்லை. அங்கேயே முடிந்தது. என் வீட்டிலிருந்து நடக்கும் தூரம். அங்கே நினைவுக்கல் இருக்கிறது. பக்கத்தில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவார்கள்.

அந்த வருடச் சம்பவத்தில் ஒரு தனித் துயரம் உண்டு. ஆங்கிலப் படையில் இருந்த மலாயர்களின் தலைவர் கப்டன் நூருத்தீன். கண்டிப்படையில் இருந்த மலாயர்களின் தலைவர் சங்குங்லோ. இருவரும் சகோதரர்கள், மக்காசார் அரச குடும்பத்தவர். சங்குங்லோ தாக்குதலில் இறந்தார். மன்னரிடம் சேவகத்துக்கு வரும்படி நூருத்தீனைக் கேட்டபோது அவர் மறுத்தார், கொல்லப்பட்டார். இலங்கை மலாயரின் வரலாற்றை ஆராய்ந்த கலாநிதி ஹுசைன்மியாவின் நூலில் இந்தக் குடும்பத்தின் கதையை வாசிக்கலாம்.

யார் தீனி போட்டது?

இப்போது நாலாவது கேள்வி. கண்டியிடம் அரிசி இருந்தது, பாக்கு இருந்தது, இரும்பு இருந்தது. உப்பு இல்லை. கருவாடு இல்லை. துணி போதாது. கந்தகம் இல்லை. எல்லாம் கரையிலிருந்து வர வேண்டும். கரையோ அந்நியர் கையில். இவற்றைக் கொண்டுவந்தது யார்?

தவளம். பொதிமாட்டுக் கூட்டம். முதுகின் இரு பக்கமும் பொதி, கழுத்தில் மணி, ஒன்றன் பின் ஒன்றாக ஒற்றையடிப் பாதையில். சக்கரம் போக முடியாத நாட்டில் மாட்டின் காலே சக்கரம். இந்தப் போக்குவரத்தை நிர்வகிக்கக் கண்டி அரசில் ‘மடிகே பத்த’ என்று ஒரு திணைக்களமே இருந்தது. அதில் பெரும்பங்கு நம்மவர்கள். அரசு நிலம் கொடுத்தது. பதிலுக்கு அரச பொருட்களைச் சுமக்க வேண்டியது கடமை. குருநாகல் பக்கத்தில் மடிகே மிதியாலை என்ற முஸ்லிம் ஊர் இன்றும் அந்தப் பெயரைச் சுமந்து நிற்கிறது. கலாநிதி லோர்னா தேவராஜா இலங்கை முஸ்லிம்கள் பற்றி 1994இல் வெளியிட்ட நூல் இவற்றையெல்லாம் விளக்குகிறது.

நம்மவர்கள் அங்கே எப்படிப் போனார்கள்? 1626இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை விரட்டினார்கள். செனரத் மன்னர் இடம் கொடுத்தார். நாலாயிரம் பேரை மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினார் என்று போர்த்துக்கேயப் பாதிரியார் குவேறோஸ் எழுதியதை ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டுவார்கள். மன்னருக்கு அதில் இரக்கமும் இருந்திருக்கும், கணக்கும் இருந்திருக்கும். கரையின் மொழி தெரிந்த, கடல் வியாபாரம் தெரிந்த, போர்த்துக்கேயரிடம் திரும்பிப் போக முடியாத ஒரு சனம் மலைநாட்டு அரசுக்குக் கிடைத்தது.

பங்கரகம்மனைக் கதையையும் நம்மூர்களில் கேட்டிருப்பீர்கள். போர்த்துக்கேயர் துரத்திவந்த மன்னரை மரப்பொந்தில் ஒளித்துவைத்த முஸ்லிம் பெண், காட்டிக்கொடுக்க மறுத்து உயிர்விட்டாள். ‘மா ரெக்க லே’, என்னைக் காத்த இரத்தம், என்று மன்னர் அழுதார். அதிலிருந்துதான் ‘மரக்கல’ என்ற பெயர் வந்தது என்பார்கள். சொல்லாராய்ச்சிக்கு இது நிற்காது. மரக்கலம் என்ற தமிழ்ச்சொல் நம் கண்முன்னே இருக்கிறது. ஆனாலும் இரு சமூகமும் சேர்ந்து சொல்லிவந்த கதை அது. தாங்கள் எந்த உறவில் வாழ்ந்தோம் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்களோ, அதைச் சொல்கிறது.

இந்தத் தீனிப்பாதையின் பெறுமதி எதிரிக்கும் தெரியும். 1766 உடன்படிக்கையில் ஒல்லாந்தர் கண்டியிடம் கேட்டு வாங்கியது தீவைச் சுற்றியுள்ள முழுக் கரையோரத்தையும். கண்டிக்கு மிஞ்சியது, புத்தளம், சிலாபம் போன்ற இடங்களில் உப்பு எடுத்துக்கொள்ளும் சலுகை. போரில் நகரைப் பிடித்தும் வெல்ல முடியாதவர்கள் உப்பைப் பிடித்தார்கள்.

தோல் உள்ளிருந்து உரிந்தபோது

கண்டி வென்ற பழைய போர்களைக் கவனித்தால் ஒரு ஒற்றுமை தெரியும். 1594இல் தந்துறையில், 1630இல் ரந்தெனிவெலையில், போர்த்துக்கேயர் தோற்றது அவர்களோடு வந்த லஸ்கரின் படையினர், அதாவது உள்ளூர்ச் சிங்களப் படையினர், கைவிட்டதால். பெரிய துவக்கு போர்த்துக்கேயரிடம்தான் இருந்தது. அதைச் சுற்றி நின்ற மனிதர்கள் அவர்களிடம் இல்லை.

1815இல் அதே விதி கண்டிக்கு நேர்ந்தது. ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கருக்கும் பிரதானிகளுக்கும் இடையே நம்பிக்கை முறிந்திருந்தது. 1814இல் எகலப்பொலை ஆங்கிலேயரிடம் போய்ச் சேர்ந்தார். அவர் குடும்பத்துக்கு மன்னர் செய்த கொடுமையை நாடு இன்றும் மறக்கவில்லை. கரைப்பகுதியிலிருந்து வந்த பத்து வியாபாரிகளை ஒற்றர் என்று பிடித்து அங்கங்களை வெட்டியதில் ஏழு பேர் இறந்தார்கள். ஆங்கிலேயருக்குப் படையெடுக்கக் கிடைத்த உடனடிக் காரணம் அது. தீனி கொண்டுவரும் பாதையில் வந்தவர்களையே வெட்டிய அரசு அது என்று நான் நினைப்பதுண்டு.

இதற்கிடையே ஜோன் டொயிலி பல வருடம் கொழும்பிலிருந்து தகவல் சேகரித்தார். அவரது நாட்குறிப்பில் செய்தி கொண்டுவந்தவர்களாகப் பிக்குகள் வருகிறார்கள், பிரதானிகளின் ஆட்கள் வருகிறார்கள், வியாபாரிகள் வருகிறார்கள். அந்த வியாபாரிகளில் நம்மவர்களும் இருக்கிறார்கள். மறைத்துப் பயனில்லை. எல்லாக் கடவத்தையும் தெரிந்த தவளக்காரன், நம்பிக்கை இருக்கும்வரை கவசம். நம்பிக்கை போனால் திறந்த கதவு.

1815 பெப்ரவரி 14ஆம் திகதி ஆங்கிலேயர் கண்டிக்குள் வந்தார்கள். சொல்லும்படியான சண்டை இல்லை. 18ஆம் திகதி மெதமகாநுவரையில் மன்னர் பிடிபட்டார். மார்ச் 2ஆம் திகதி உடன்படிக்கை. மலை அதே மலை, காடு அதே காடு, மழையும் காய்ச்சலும் மாறவில்லை. மனிதத் தோல் மட்டும் உரிந்திருந்தது. அதன் பின் ஆங்கிலேயர் முதலில் செய்த பெரிய வேலைகளில் ஒன்று வீதி. 1820இல் தேசாதிபதி பார்ன்ஸ் காலத்தில் தொடங்கிய கொழும்பு–கண்டி வீதி கடுகண்ணாவைப் பாறையைக் குடைந்து ஏறியது. சக்கரம் வந்தது, தவளம் மெல்ல மெல்ல மறைந்தது.

இன்னொன்றையும் அவர்கள் செய்தார்கள். வெல்லஸ்ஸையில் முஸ்லிம்களைத் திசாவையின் அதிகாரத்திலிருந்து பிரித்து, ஹாஜி என்ற நம்மவர் ஒருவரை முகாந்திரமாக நியமித்தார்கள். 1817இல் வெடித்த ஊவா-வெல்லஸ்ஸைக் கிளர்ச்சியின் தொடக்கத்தில் முதலில் பிடிபட்டுக் கொல்லப்பட்டவர்களில் அவரும் ஒருவர். இருநூறு வருடம் ஒரே பாதையில் நடந்தவர்களுக்கு இடையே அந்நியன் வைத்த முதல் ஆப்பு என்று அதைச் சொல்லலாம்.

மெதமகாநுவரைக்குப் போகிற வழி திகணை, தெல்தெனியைக்கு ஊடாகத்தான். 2018 மார்ச்சில், தாக்கப்பட்ட சிங்களச் சாரதி ஒருவர் இறந்ததைத் தொடர்ந்து, அந்த வழி நெடுக நம் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. அக்குறணையும் கட்டுகஸ்தோட்டையும் தப்பவில்லை. அந்த இரவுகளில் அடுத்த வீட்டுச் சிங்கள நோனா எங்கள் பெண்பிள்ளைகளைத் தன் வீட்டறையில் வைத்துக்கொண்டார். வெளியே ஊரடங்கு, கவச வாகனம், துவக்கோடு படையினர் எல்லாம் இருந்தார்கள். எங்களுக்குத் தைரியம் வந்தது அந்த அறையின் கதவால்.

திரும்பி வருகிற பஸ்ஸில் இவ்வளவையும் துண்டு துண்டாகச் சொன்னேன். பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. கடுகண்ணாவை ஏறும்போது கேட்டான்:

“அப்ப மாமா, டி-90ஆ அப்ராம்ஸா எண்டு கேக்கவே கூடாதா?”

“கேளு. ஆனா குழல மட்டும் கேக்காத. எண்ணெய் யார் ஊத்துற, பாலம் தாங்குமா, உள்ள ஈக்கிறவன் ஒருத்தன ஒருத்தன் நம்புறானா, அதையும் சேத்துக் கேளு.”

எங்கள் வீட்டில் பழைய பித்தளை மாட்டுமணி ஒன்று கிடக்கிறது. தவளத்து மணி என்று உம்மும்மா சொல்வார். வீட்டுக்கு வந்ததும் பையன் அதைத்தான் முதலில் எடுத்துப் பார்த்தான். ஒரு நூலை எடுத்து அதன் வாயைச் சுற்றி அளந்து, கொப்பியில் குறித்துக்கொண்டான்.